பொம்மக்கா, திம்மக்கா யார் வீட்டுப் பிள்ளைகள்? தாமிரபரணிக் கரையில் ஓயாத ஒரு 'ரெட்கான்' சண்டை!

ஆடி அமாவாசை என்றால் தாமிரபரணியின் இரண்டு முனைகளிலும் கூட்டம் அலைமோதும். மேலே, பாபநாசத்தைத் தாண்டி காரையாறு காட்டுக்குள் இருக்கிறது சொரிமுத்து அய்யனார் கோயில். கீழே, ஆறு கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயில். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் அன்றைக்கு யார் எந்தப் பக்கம் பஸ் ஏறுவது என்பதைக் குலதெய்வம் பாதியும் குடும்ப வழக்கம் பாதியுமாகத் தீர்மானிக்கும்.

ஏரல் சாமியின் கதையில் சண்டைக்குப் பெரிதாக இடமில்லை. அவர் ஏரலின் சேர்மனாகவே பதவி வகித்தவர். 1908-ல் ஆடி அமாவாசை நாளில் மறைந்தவர். பதவியின் பெயரே சாமியின் பெயராகவும் நிலைத்துவிட்டது. பிறந்த ஊர், பார்த்த பதவி, மறைந்த நாள் எல்லாம் கணக்கில் இருக்கின்றன. 'அது அப்படி இல்லப்பா, எங்க தாத்தா வேற மாதிரி சொன்னாரு' என்று யாரும் எழுந்து நிற்க வழி குறைவு.

மேலே காட்டுக்குள் இருப்பவரின் கதை அப்படிப்பட்டதல்ல.

சொரிமுத்து அய்யனார் கோயில் வளாகத்தில் பட்டவராயனுக்கு ஒரு சன்னிதி உண்டு. கூடவே அவருடைய இரண்டு மனைவிகள், பொம்மக்காவும் திம்மக்காவும். வேண்டுதல் வைத்தவர்கள் இங்கே காணிக்கையாகக் கொண்டுவருவது பூவும் பட்டும் மட்டுமல்ல. புத்தம்புது தோல் செருப்பு. அதைச் சன்னிதியில் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்த வருஷம் வந்து பார்த்தால் அந்தச் செருப்பு தேய்ந்திருக்கும், சாமி போட்டுக்கொண்டு நடந்திருப்பார் என்பது நம்பிக்கை.

கோயிலுக்குள் செருப்பா என்று கேட்டால் அதற்கு ஒரு கதை இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஒன்றல்ல, இரண்டு கதை இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு இடத்தில்தான். அந்த ஓர் இடம் மாறினால் கதையின் தலையெழுத்தே மாறிவிடும்.

சினிமா, காமிக்ஸ், வெப் சீரிஸ் ரசிகர்கள் இந்த மாதிரி மாற்றத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ரெட்கான்.

அதென்ன கேனான், ரெட்கான்?

வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை இருந்தால் இந்த வார்த்தைகள் காதில் விழுந்திருக்கும். 'அதெல்லாம் கேனான் கிடையாது' என்று போனைப் பார்த்தபடியே யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருக்கும். ஒரு கற்பனை உலகத்தில் எது உண்மையாக நடந்தது, எது கணக்கில் சேராது என்று பிரிக்கும் கோடுதான் கேனான். முதலில் பைபிளில் எந்தெந்த நூல்கள் சேரும் என்பதற்குப் பயன்பட்ட சொல். அதை ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர்கள் விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். கானன் டாயில் எழுதிய 4 நாவல், 56 சிறுகதை, ஆக 60 மட்டும் கேனான். மற்றவர்கள் எழுதியதெல்லாம் வெளியே. அந்த 60-க்குள்ளேயே தகராறு உண்டு. டாக்டர் வாட்ஸனுக்குப் போரில் குண்டடி பட்டது ஒரு கதையில் தோளில், அடுத்த கதையில் காலில். டாயில் மறந்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் ரசிகர்கள் விடவில்லை. 1911-லேயே ரொனால்டு நாக்ஸ் என்பவர் ஹோம்ஸ் கதைகளில் உள்ள இந்த மாதிரி முரண்களை வேத ஆராய்ச்சி பாணியில் அலசிக் கட்டுரை வாசித்தார். நூறு வருஷம் தாண்டியும் அந்த விளையாட்டு ஓயவில்லை.

ரெட்கான் என்பது அதற்கு அடுத்த கட்டம். பின்னால் வரும் கதாசிரியர், முன்னால் நடந்ததைத் திருத்துவது. நம்மூர் சீரியல் பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஐந்நூறு எபிசோடு ஓடிய பிறகு திடீரென்று ஹீரோயினுக்கு ஒரு பெரிய வீட்டுத் தகப்பன் முளைப்பார் இல்லையா, அதேதான். நேற்றுவரை பார்த்தது பொய்யாகாது. ஆனால் அதன் அர்த்தம் வேறாகிவிடும்.

பட்டன் கழற்றிப் போட்ட பூணூல்

முத்துப்பட்டன் கதை நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டுகளில் முக்கியமான ஒன்று. பட்டன் பிராமணப் பிள்ளை. அண்ணன்மாரோடு மனஸ்தாபமாகி மலையைத் தாண்டிக் கொட்டாரக்கரைப் பக்கம் போய் அரசரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு அண்ணன்மார் தேடிப் போய், 'கல்யாணம் செய்துவைக்கிறோம், ஊருக்கு வா' என்று அழைத்து வந்தார்கள். வருகிற வழியில், காட்டுக்குள், இரண்டு பெண்களைப் பார்த்தார் பட்டன். வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா. அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள். பார்த்த மாத்திரத்தில் மனசு போய்விட்டது.

பெண்கள் பயந்து ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னார்கள். துரத்தியவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் கோபத்தில் வந்தார் வாலப்பகடை. வந்த இடத்தில் பட்டன் பெண் கேட்டார்.

இந்தக் கதையின் உச்சம் சண்டையில் இல்லை. இந்தப் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர் மயங்கிப்போகவில்லை, 'ஐயர் வீட்டு மாப்பிள்ளை' என்று பூரித்துப்போகவும் இல்லை. எங்கள் தொழில் இது, சாப்பாடு இது, உங்களுக்கு ஒத்துவராது என்று எடுத்துச் சொல்கிறார். பட்டன் பிடிவாதமாக நிற்க, நிபந்தனை போடுகிறார். பூணூலை எடுக்க வேண்டும். குடுமியை எடுக்க வேண்டும். செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு எங்களில் ஒருவராக வர வேண்டும். பிறகு பார்க்கலாம்.

அண்ணன்மார் கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், அடைத்துவைத்தும் பார்த்தார்கள். தப்பி வந்து, பூணூலைக் கழற்றிப் போட்டு, குடுமியை அறுத்து, தோல் வேலை கற்றுக்கொண்டார் பட்டன். சன்னிதியில் தொங்கும் செருப்புக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

கல்யாணம் முடிந்த இரவே வாலப்பகடையின் பொறுப்பில் இருந்த மாடுகளைத் திருடர் கூட்டம் ஓட்டிக்கொண்டு போனது. மாமனாருக்காக மருமகன் ஆயுதம் எடுத்தார். திருடர்களை விரட்டிவிட்டு ஓடையில் இறங்கிக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஒளிந்திருந்த ஒருவன் பின்னால் வந்து குத்தினான். செய்தி வீட்டுக்கு வந்தது. பொம்மக்காவும் திம்மக்காவும் சிங்கம்பட்டி ஜமீனிடம் போய் அனுமதி கேட்டு, தீயில் இறங்கினார்கள். மூவரும் தெய்வமானார்கள்.

அக்கா, தங்கை இருவரையும் ஒருவரே கட்டுவதா, இரண்டு பெண்களும் தீயில் இறங்கியே ஆக வேண்டுமா என்று இன்றைய வாசகிகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். கதை பிறந்த காலத்தின் அழுக்கு கதையில் ஒட்டியிருக்கிறது. ஆனால் அதே காலத்தில் உட்கார்ந்து, மேல்சாதி மாப்பிள்ளை கீழே இறங்கி வந்து தொழில் பழக வேண்டும் என்று பெண்ணைப் பெற்ற அருந்ததியர் ஒருவர் சொல்வதாகப் பாடியிருக்கிறார்கள் பாருங்கள், அந்தத் துணிச்சல் சாதாரணமானதல்ல.

நடுவில் நுழைந்த நாலு வரி

இப்போது இரண்டாவது கதை. இதிலும் எல்லாம் அதேதான். அண்ணன்மார் உண்டு, காடு உண்டு, நிபந்தனை உண்டு, மாடு உண்டு, தீ உண்டு. ஒரே ஒரு சேர்க்கை: பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடைக்குப் பிறந்தவர்கள் இல்லையாம். பிராமண வீட்டில் பிறந்து, காட்டில் விடப்பட்டு, வாலப்பகடை கண்டெடுத்து வளர்த்த பிள்ளைகளாம்.

அவ்வளவுதான் மாற்றம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பிராமணப் பையன், தெரியாமலேயே பிராமணப் பெண்களைத்தான் கட்டியிருக்கிறார். அப்படியானால் இதில் சாதி மீறல் எங்கே? அண்ணன்மாரின் கோபம் வெறும் தகவல் பிழை. வாலப்பகடை பெண்ணைப் பெற்றவர் அல்ல, பத்திரமாக வைத்திருந்து கொடுத்தவர். பூணூலைக் கழற்றியதும் செருப்புத் தைத்ததும் ஒரு சோதனை மட்டும்; உண்மையில் எதையும் இழக்கவில்லை.

நாட்டார் வழக்காற்று ஆய்வில் தமிழுக்கு முன்னோடியான பேராசிரியர் நா.வானமாமலை, நாங்குநேரிக்காரர். கதைப்பாடல்களைத் தேடித் திரட்டி, பிரதிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர். அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை மதுரைப் பல்கலைக்கழகம் 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்டது. பெண்கள் பிறப்பால் பிராமணர்கள் என்ற பகுதி பிற்காலத்தில் செருகப்பட்டது என்பதே அவருடைய நிலைப்பாடு. சாதி மீறிய கல்யாணத்தை ஜீரணிக்க முடியாதவர்கள் கதைக்குள் கைவைத்திருக்கிறார்கள் என்றார்.

செருகல்தான் என்று எப்படிச் சொல்வது? தையல் தெரிகிறது, அதுதான் சாட்சி. அந்தப் பிறப்பு ரகசியத்தை எடுத்துவிட்டால் கதையில் எங்கும் ஓட்டை விழாது. அதற்குப் பின்னால் நடக்கும் எந்தச் சம்பவத்துக்கும் அது தேவைப்படவில்லை. யாரும் அதைக் கண்டுபிடித்து மனம் மாறுவதில்லை, அண்ணன்மார் வந்து மன்னிப்புக் கேட்பதில்லை. மாறாக, நிபந்தனைக் காட்சியை எடுத்துப் பாருங்கள்; கதையே நிற்காது, சன்னிதியில் செருப்புக்கும் காரணம் இருக்காது. எது மூலக் கதையின் எலும்பு, எது பிறகு போர்த்திய சால்வை என்று இதில் புரிந்துவிடும்.

எதிர்ப் பக்கத்துக்கும் ஒரு வாதம் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். வில்லுப்பாட்டு டிக்கெட் போட்டு நடப்பதல்ல. கொடை நடத்தும் ஊர்க்காரர்கள் வரி போட்டு, பேசி, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து வரும் கலை. வில்லை முன்னால் வைத்துப் பாடுகிறவருக்கு எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியும். காலையில் சம்பளம் வாங்க வேண்டியதும் அவர்களிடம்தான். அந்த நாலு வரியைச் சேர்த்துக்கொண்டதால்தான் சில தெருக்களில் இந்தக் கதை நுழையவே முடிந்திருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது. கதை பிழைத்துக்கொள்ளக் கொடுத்த லஞ்சம் என்று வைத்துக்கொள்ளலாம். லஞ்சத்தையே கதை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு விஷயம்.

ஜாக்கு பாலைவனத்தில் அதே சண்டை

இது நம் ஊர் பழைய பஞ்சாயத்து, நவீன உலகம் இதையெல்லாம் தாண்டிவிட்டது என்று நினைத்தால், 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்களிடம் 'ரே' என்ற ஒரே ஓர் எழுத்தைச் சொல்லிப் பாருங்கள்.

2015-ல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்தில் ரே அறிமுகமானாள். ஜாக்கு என்ற பாலைவனக் கிரகத்தில் உடைந்த விண்கலங்களிலிருந்து இரும்பு பொறுக்கி விற்று வயிறு கழுவும் பெண். அவளுக்குள் அபூர்வ சக்தி இருக்கிறது. உடனே உலகம் முழுக்க ஒரே கேள்வி: இவள் யார் வீட்டுப் பிள்ளை? லூக்கின் மகளா, வேறு பெரிய ஜெடை யாருடைய பேத்தியா? இரண்டு வருஷம் ரசிகர்கள் துப்பறிந்தார்கள்.

2017-ல் ரியன் ஜான்சன் இயக்கிய 'தி லாஸ்ட் ஜெடை' பதில் சொன்னது. யாரும் இல்லை. குடிக்கக் காசு வேண்டுமென்று பிள்ளையை விற்றுவிட்டுப் போனவர்கள்தான் அவளைப் பெற்றவர்கள். இதைக் கேட்டு ஒரு பாதி ரசிகர்கள் கொதித்தார்கள். இன்னொரு பாதி, முக்கியமாக இளையவர்கள், கொண்டாடினார்கள். பெரிய குடும்பத்தில் பிறக்காதவளும் கதாநாயகியாகலாம் என்று நாற்பது வருஷக் கதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னது போல அவர்களுக்கு இருந்தது.

அந்தச் சந்தோஷம் இரண்டு வருஷம்தான். 2019-ல் ஜே.ஜே.ஆப்ராம்ஸ் இயக்கிய 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' வந்தது. ரே, பேரரசன் பால்படீனின் பேத்தி என்று படம் அறிவித்தது. பெற்றவர்கள் அவளை விற்றதே காப்பாற்றத்தான் என்று முன்கதையும் மாறியது.

நாலு வரிச் செருகல்தான். வாலப்பகடை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டில் ஒரு பிராமணத் தாயைத் தேடித் தந்தவருக்கும், இரும்பு பொறுக்கிய பெண்ணுக்கு ஒரு பேரரசுத் தாத்தாவைத் தேடித் தந்தவர்களுக்கும் நடுவில் கடல் இருக்கிறது. உள்ளே இருக்கும் பதற்றம் மட்டும் ஒன்று. சும்மா ஒரு வீட்டில் பிறந்தவர் இவ்வளவு பெரிய ஆளாக இருக்க முடியுமா, எங்கேயோ ஒரு பெரிய ரத்தம் இருந்தே தீர வேண்டுமே என்கிற பதற்றம்.

ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்டார் வார்ஸுக்கு ஒரு முதலாளி இருக்கிறார். எது கேனான், எது இல்லை என்று அவரால் ஒரே நாளில் அறிவிக்க முடியும். அப்படித்தான் 2014 ஏப்ரலில், அதுவரை வந்த ஏராளமான நாவல்களையும் காமிக்ஸ்களையும் 'லெஜெண்ட்ஸ்' என்று தனியாகப் பெயர் வைத்து ஒதுக்கிவிட்டது லூகாஸ்ஃபிலிம். வருஷக்கணக்கில் படித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்களுக்கு ஒரே அறிக்கையில் எல்லாம் செல்லாக்காசு. முத்துப்பட்டன் கதைக்கு அப்படி ஒரு தலைமை அலுவலகம் இல்லை. அதனால்தான் இரண்டு கதையும் உயிரோடு இருக்கின்றன.

எம்.ஜி.ஆர் ஏற்ற ராஜகுமாரன் வேஷம்

தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த இன்னொரு வழக்கு, மதுரை வீரன். அருந்ததியர் தம்பதி வளர்த்த பிள்ளை, பொம்மியைக் காதலித்து, மதுரைக்கு வந்து கள்ளரை அடக்கி, கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்துத் தெய்வமானவர். 'வளர்த்த' என்ற சொல்லில்தான் வம்பு. அச்சில் வந்து பரவிய கதையில் அவர் அரசருக்குப் பிறந்தவர். மாலை சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்ல, காட்டில் விடப்பட்டவர். அங்கே அருந்ததியர் கண்டெடுத்தார்கள்.

காடு, கண்டெடுப்பு, வளர்ப்பு. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

1956-ல் டி.யோகானந்த் இயக்கத்தில், கண்ணதாசன் வசனத்தில் எம்.ஜி.ஆர் நடித்த 'மதுரை வீரன்' இந்த அரசர் மகன் கதையைத்தான் எடுத்துக்கொண்டது. வளர்த்த பெற்றோராக என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் வந்தார்கள். படம் பிரமாண்ட வெற்றி. கிராமம் கிராமமாக ஓடியது. கோயில் பூசாரி சொன்ன கதை ஒரு ஊருக்குத் தெரியும், எம்.ஜி.ஆர் சொன்ன கதை ஊரெல்லாம் தெரியும். அதுவே கேனான் ஆகிவிட்டது. வீரன் பிறப்பாலேயே அருந்ததியர்தான், அரச பிறப்பு பின்னால் ஒட்டப்பட்டது என்று ஆய்வாளர்களும் அருந்ததியர் அமைப்பினரும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பொழுதுபோக்கு விவாதம் அல்ல. ஊரே கும்பிடும் ஒரு வீரன் எங்கள் வீட்டில் பிறந்தவனா, எங்கள் வீட்டில் சோறு மட்டும் தின்றவனா என்ற கேள்வி.

கர்ணன் கதையும் இந்த வரிசைதானே என்று தோன்றலாம். அங்கே பிறப்பு ரகசியம் செருகல் அல்ல, பாரதத்தின் ஆணிவேர். அந்த ரகசியம் தெரிந்ததால் கர்ணனுக்குக் கிடைத்ததும் சுகமல்ல, சங்கடம். தேரோட்டி மகனாகவே சாவேன் என்று வளர்த்தவர் பக்கம் நின்றுவிட்டார். நம்மூர் கூத்துப் பார்வையாளர்கள் காலங்காலமாக அவருக்காக அழுவது அதனால்தான்.

சேந்தன் அமுதன் எங்கே சார்?

'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் இந்நேரம் கையைத் தூக்கியிருப்பார்கள். 2023 ஏப்ரலில் மணிரத்னத்தின் இரண்டாம் பாகம் வெளியானபோது நாவல் ரசிகர்களுக்கு வந்த கோபங்களில் ஒன்று, சேந்தன் அமுதனைப் பற்றியது. கல்கியின் நாவலில், ஊமைத் தாய் வளர்த்த, பூத்தொடுத்துக் கொடுக்கும் ஏழைப் பிள்ளை அவன். கடைசியில் அவன்தான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்று தெரிந்து, உத்தம சோழனாக முடிசூடுகிறான். அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் மாற்றி வைக்கப்பட்ட பிள்ளை. படத்தில் இந்தப் பிள்ளை மாற்றமே கிடையாது. அரண்மனை மதுராந்தகனுக்கே முடிசூட்டிவிட்டார்கள். அஸ்வின் காகுமானு நடித்த சேந்தன் அமுதன் நல்ல பையனாக வந்து நல்ல பையனாகவே போய்விட்டான்.

'ஐந்து பாகம் படித்தது இதற்காகவா' என்று கொதித்தவர்களுக்கு வரலாற்று வாசகர்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள்: வரலாற்றில் மதுராந்தகனும் உத்தம சோழனும் ஒரே ஆள்தானே! பிள்ளை மாற்றம் கல்கியின் கற்பனை. ஆகவே மணிரத்னம் செய்தது வெட்டு அல்ல, திருத்தம். நாவல் கேனானா, கல்வெட்டு கேனானா, படம் கேனானா என்று மூன்று முனைப் போட்டி குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் வரை ஓடியது. சித்தப்பா ஒரு கட்சி, மகள் ஒரு கட்சி. தாமிரபரணிக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஏரலுக்குப் பக்கத்தில்தான் பாண்டியரின் கொற்கை. ஆதித்த கரிகாலனைப் பழிவாங்கத் துடிக்கும் பாண்டிய ஆபத்துதவிகளை வில்லன் என்று ஏன் சொல்ல வேண்டும் என்று அவர்கள் தனியாக ஒரு கட்சி கட்டலாம்.

இந்தச் சண்டை படத்தோடு வந்ததல்ல. 1950-ல் ஆரம்பித்து 1954-ல் தொடர் முடிந்தபோது, அப்புறம் யார் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாக முடிவுரை ஒன்றை எழுத வேண்டியிருந்தது கல்கிக்கு. அதே வருஷம் டிசம்பரில் அவர் மறைந்தார். கேள்விகள் நிற்கவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதிக் கதையைத் தொடர்ந்தார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று இன்றைக்கும் இரண்டு கல்கி வாசகர்களை ஒரு ரயில் பெட்டியில் விட்டால் விழுப்புரம் வரும்வரை பேசுவார்கள்.

சேந்தன் அமுதன் விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டியது. அவன் அரச பிள்ளை என்று தெரிந்த பிறகும் சிம்மாசனத்துக்கு ஆசைப்படவில்லை. கல்கிக்கு ரகசியப் பிறப்பு தேவைப்பட்டது கதை முடிச்சுக்கு. அந்தப் பையனின் நல்ல குணத்துக்கு அல்ல. பூக்காரப் பையனாக இருந்தபோதே அவன் தங்கமானவன். ரத்தம் வந்து அவனை நல்லவனாக்கவில்லை. பொம்மக்காவின் கதையில் கைவைத்தவர்கள் செய்தது இதற்கு நேர்மாறு.

கொடை மேடையும் போன் கேமராவும்

ஏரல் வட்டாரத்துக் கிராமங்களில் கொடை வந்தால் வில்லுப்பாட்டு வரும். வில்லில் மணி குலுங்க, குடத்தில் தட்டு விழ, உடுக்கை அதிர, புலவர் ஒரு வரி பாடப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாட, சாமம் வரை போகும். எந்தக் கதை என்பதைக் கோயிலில் இருக்கும் சாமிகள்தான் தீர்மானிக்கும். சாவு கட்டம் நெருங்கும்போது பந்தல் அமைதியாகும். சாமியாடிகளுக்கு அருள் வரும். பெரியவர்களின் காது அந்த இடத்தில் கூர்மையாக இருக்கும். வரி தப்பினால் தெரிந்துவிடும். ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் தோற்றார்கள் போங்கள்.

முன்பு இந்த மேடைக் கதைகள் அந்தந்த இரவோடு கரைந்துவிடும். இந்த ஊரில் ஒரு பொம்மக்கா, பக்கத்து ஊரில் இன்னொரு பொம்மக்கா என்று இருக்கலாம். ஒருவரை ஒருவர் மோதிக்கொள்ளத் தேவை வராது. இப்போது முன் வரிசையில் போனைத் தூக்கிப் பிடிக்கும் கைகள். மறுநாளே யூடியூபில் முழு ராத்திரியும் ஏறிவிடுகிறது. மும்பையிலும் துபாயிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் குலதெய்வக் கதையை அதில்தான் கேட்கிறார்கள். பிள்ளைகளும் அதில்தான் தெரிந்துகொள்கிறார்கள். அதிகம் பேர் பார்த்த வீடியோ எதுவோ அதுதான் நாளைய கேனான், 1956-ல் எம்.ஜி.ஆர் படம் செய்த வேலையை இன்றைக்கு அது செய்யும்.

அந்த வீடியோவில் பாடுகிறவர் வாலப்பகடையை எப்படி அறிமுகப்படுத்துகிறார்? 'பெற்ற தகப்பன்' என்றா, 'வளர்த்த தகப்பன்' என்றா? பந்தலில் உட்கார்ந்து கேட்கும் ஓர் அருந்ததியர் வீட்டுப் பெண் குழந்தைக்கு இரண்டும் ஒன்றல்ல. முதல் கதையில், சாமியாக நிற்கும் பொம்மக்கா அவளைப் போன்ற ஒருத்தி. இரண்டாவதில், அவளைப் போன்றவர்கள் வீட்டில் தங்கிப் போன ஒருத்தி.

இத்தனைக்கும் நடுவில், செருகியவர்கள் ஓர் இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். நிபந்தனைக் காட்சியை யாராலும் எடுக்க முடியவில்லை. அதனால் செருப்பும் நின்றுவிட்டது. பொம்மக்காவின் பிறப்பு எப்படியென்று எந்தக் கதையை நம்பி வருபவரும், எந்தத் தெருவிலிருந்து வருபவரும், காரையாறு சன்னிதிக்கு வந்தால் வேண்டுதலுக்குக் கையில் எடுப்பது அந்தத் தோல் செருப்பைத்தான். அடுத்த ஆடி அமாவாசைக்கும் பாபநாசம் பஸ்ஸில், பூஜைப் பையில், தேங்காய்க்கும் பூவுக்கும் பக்கத்தில் அது இருக்கும்.